இரும்பும் ஓலையும்

அரசன் ஓலை எழுதுவது ஒரு காரியம். அந்த ஓலை ஊரில் படிக்கப்படுவது வேறொரு காரியம். சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதற் காரியத்தையே பெரிதாக நினைக்கிறார்கள். எந்த ஆண்டில், எந்த அரசன், எந்த ஆணையைப் பிறப்பித்தான் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஓலை போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கணக்குப்பிள்ளை அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டான் என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஊரில் நடந்ததும் நடக்காததும் அந்தக் கணக்குப்பிள்ளையின் கையில்தான் இருந்திருக்கும்.

உயிரைப் பற்றிய விஞ்ஞானத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். நம் உடம்பின் உயிரணுக்களுக்குள் ஓயாமல் ஆணைகள் எழுதப்படுகின்றன. அவற்றை எழுதுவது எது, எப்போது எழுதுகிறது என்று கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் நெடுங்காலம் பாடுபட்டார்கள். பெரும் பரிசுகளும் பெற்றார்கள். எழுதி முடிந்த ஆணையை வழியில் மடக்கி, "இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறு" என்று சொல்லும் ஆசாமி ஒருவர் இருக்கிறார் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது. அவர் இருப்பதற்கு முதல் அடையாளம் தென்பட்ட பிறகும், ஆளைப் பிடித்து நிறுத்த இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஆசாமியின் வரலாற்றையே இங்கே சொல்லப் போகிறேன். கதையின் நடுவில் இருக்கும் பொருள் பொன்னோ வைரமோ இல்லை; வெறும் இரும்பு.

முதலில் ஓலை எது, அதைப் படிப்பவர் யார் என்று பார்த்துவிடலாம். உயிரணுவின் நடுவில் உட்கரு என்ற ஓர் அறை இருக்கிறது. பரம்பரைச் சொத்தாக வந்த டி.என்.ஏ. என்ற மூலச் சுவடி அந்த அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்பெல்லாம் அதில் அடக்கம். ஆனால் புரதம் செய்யும் பட்டறைகள் அறைக்கு வெளியே இருக்கின்றன. ரிபோசோம் என்று அவற்றுக்குப் பெயர். மூலச் சுவடி வெளியே வராது; பட்டறை உள்ளே போகாது. அப்படியானால் குறிப்பு எப்படிப் போய்ச் சேருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த நாளைத் தேதி போட்டே சொல்லலாம். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, புனித வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிங்ஸ் கல்லூரியில், சிட்னி பிரென்னர் என்பவருடைய அறையில் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரென்னர் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். பாரிஸிலிருந்து வந்திருந்த பிரான்ஸுவா ஜாக்கோப், யுத்தத்தில் 1944-ல் நார்மண்டியில் படுகாயம் அடைந்து, ரண சிகிச்சை நிபுணராக வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். டி.என்.ஏ.யின் வடிவத்தை 1953-ல் அறிவித்த இருவரில் ஒருவரான பிரான்ஸிஸ் கிரிக்கும் அங்கே இருந்தார். பாரிஸில் நடந்த சோதனைகளை ஜாக்கோப் விவரித்துக்கொண்டு வரும்போதே பிரென்னரும் கிரிக்கும் துள்ளி எழுந்து, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டார்கள். மூலச் சுவடியிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகல் பட்டறைக்குப் போகிறது. பட்டறை எந்த நகலைக் கொடுத்தாலும் படித்துப் புரதம் செய்கிறது. இதுதான் அன்று அவர்கள் கண்ட உண்மை. அந்த நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர் வந்தது. நாம் ஓலை என்றே சொல்லிக்கொண்டு போகலாம்.

கண்டால் போதுமா? நிரூபிக்க வேண்டாமா? அந்தக் கோடையிலேயே பிரென்னரும் ஜாக்கோப்பும் அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குப் போய், மாத்யூ மெஸல்ஸன் என்பவருடைய ஆராய்ச்சிச் சாலையில் சோதனையை ஆரம்பித்தார்கள். நாட்கள் ஓடின, சோதனை பலிக்கவில்லை. ரிபோசோம்கள் உதிர்ந்து உதிர்ந்து போயின. ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. இருவரும் கடற்கரையில் போய்ச் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, "மக்னீஸியம்! மக்னீஸியம்தான்!" என்று பிரென்னர் கூவினாராம். ரிபோசோம்களைக் கட்டிவைக்கும் மக்னீஸியத்தை, சோதனைக்காகச் சேர்த்த ஸீஸியம் உப்பு இடம்பெயர்த்துவிட்டது. ஓடிப் போய் மக்னீஸியத்தைத் தாராளமாகச் சேர்த்தார்கள், காரியம் கைகூடியது. 1961 மே மாதம் முடிவு வெளியாயிற்று.

அதே வருஷத்தில் ஜாக்கோப்பும், பாரிஸில் அவருடைய தோழரான ஜாக் மோனோவும் இன்னொரு பெரிய விஷயத்தை வெளியிட்டார்கள். நுண்கிருமிகளில், டி.என்.ஏ.யின் மேலேயே ஒரு தடுப்புப் பொருள் உட்கார்ந்திருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் வரையில் ஓலை எழுத முடியாது, எழுந்துவிட்டால் எழுதலாம். கிருமிக்கு எந்தப் புரதம் வேண்டும், எது வேண்டாம் என்ற தீர்மானம் எழுதும் இடத்திலேயே ஆகிவிடுகிறது. 1965-ல் இருவருக்கும், ஆந்த்ரே லூவோஃப் என்பவருக்கும் சேர்த்து நோபெல் பரிசு கிடைத்தது. கிருமியின் ஓலை சில நிமிஷங்களில் மக்கிப் போகிற ஓலை. அதைப் பூட்டி வைப்பதில் லாபம் இல்லை. ஆகவே கிருமியைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது மிகவும் சரி. ஆனால் கிருமிக்குச் சரியானது யானைக்கும் சரியாக இருக்கும் என்று மோனோ பெருமிதத்தோடு சொல்லிவந்தார். இங்கேதான் சங்கதி கொஞ்சம் இடறியது.

இடறும் என்பதற்கு அடையாளங்கள் முன்னமே இருந்தன. கடல் முள்ளெலி என்று ஒரு பிராணி உண்டு; உடம்பெல்லாம் முள்ளோடு கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1936-ல் ஈதெல் பிரௌன் ஹார்வி என்ற அமெரிக்க அம்மையார் அதன் முட்டையை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் உட்கரு இருந்தது. மற்றப் பாதியில் இல்லை. உட்கரு இல்லாத பாதியை உப்பு மிகுந்த கடல் நீரால் தூண்டிவிட்டார். அந்தப் பாதி, மூலச் சுவடி இருக்கும் அறையே இல்லாமல், பல தடவை பிளந்து பிளந்து பெருகியது! அரண்மனை இடிந்து போன பிறகும் ஊரில் அரசாங்கம் நடந்தது போல இருந்தது இது. அன்று இதற்கு விளக்கம் சொல்ல ஆளில்லை.

விளக்கம் வர ஒரு விஷ மருந்து உதவிற்று. ஆக்டினோமைஸின் என்பது அதன் பெயர். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1940-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அது டி.என்.ஏ.யோடு போய் ஒட்டிக்கொண்டு, புதிய ஓலை எழுத விடாமல் செய்துவிடும். பழைய ஓலைகளை ஒன்றும் செய்யாது. 1963-ல் பால் கிராஸ், குஸினோ என்ற இருவர் இந்த மருந்தைக் கடல் முள்ளெலியின் முட்டைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கருத்தரிக்கச் செய்தார்கள். புதிய ஓலை எழுத வழியில்லை. ஆனாலும் முட்டைகள் சுறுசுறுப்பாகப் புரதம் செய்தன. அப்படியானால் ஓலைகள் முன்பே எழுதப்பட்டு முட்டைக்குள் காத்திருந்தன என்றுதானே அர்த்தம்? மறு வருஷமே மாஸ்கோவில் அலெக்ஸாண்டர் ஸ்பிரின் என்பவர் மீன் கருவில் இப்படிக் காத்திருக்கும் ஓலைகளைக் கண்டார். அவை வெறும் ஓலைகளாக இல்லை. மேலே புரதப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தன.

இருந்தாலும் மற்றவர்கள் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. முட்டை என்பது ஒரு விசேஷமான வஸ்து; கருத்தரிக்கும் நாள் வரும் வரையில் காத்திருப்பதுதான் அதன் பிறவிக் கடமை; அதை வைத்து எல்லா உயிரணுக்களுக்கும் நியாயம் பேசலாமா என்று சொல்லிவிட்டார்கள். நாள்தோறும் சாதாரணமாக வேலை செய்கிற ஓர் உயிரணுவில், ஒரே ஓர் ஓலையைப் பற்றி, ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டினால்தான் நம்புவோம் என்பது நிலைமை. அந்த ஓலையைக் காட்டிக் கொடுத்தது இரும்பு.

இரும்பு இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பினால்தான். ஆனால் அதே இரும்பு கட்டில்லாமல் அலைந்தால், பிராணவாயுவோடு கூடிக்கொண்டு உயிரணுவின் உறுப்புக்களையே அரித்துத் தின்றுவிடும். குறைந்தால் சோகை, மிஞ்சினால் விஷம். வயது வந்த மனிதனின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு 3 அல்லது 4 கிராம். ஓர் ஆணி செய்யலாம், அவ்வளவுதான். தினசரி உணவிலிருந்து உள்ளே சேருவது 1 அல்லது 2 மில்லிகிராம். மிச்சமானதை வெளியே தள்ளுவதற்கு உடம்பில் தனி வழி கிடையாது. வருமானம் சிறிது, செலவழிக்க வழியில்லை, வீட்டில் வைத்தாலோ ஆபத்து! இப்படிப்பட்ட சொத்தை எந்தக் குடும்பஸ்தன்தான் சமாளிப்பான்?

உடம்பு சமாளிக்கிறது. அதற்கு ஒரு குதிர் வைத்திருக்கிறது. 1937-ல் செக்கோஸ்லோவாகியா தேசத்து விஞ்ஞானியான விலேம் லாஃப்பெர்கர், குதிரையின் மண்ணீரலிலிருந்து செங்காவி நிறமான ஒரு புரதத்தைப் பிரித்து, காட்மியம் உப்பின் உதவியால் பளிங்குத் துகளாக உறையச் செய்தார். அதன் எடையில் கணிசமான பங்கு இரும்பு. அதற்கு ஃபெரிட்டின் என்று பெயரிட்டார். பின்னால் தெரிந்த வரையில், அது 24 புரதத் துண்டுகள் கூடி அமைந்த ஓர் உருண்டைக் கூடு. உள்ளே ஏறக்குறைய 4,500 இரும்பணுக்களை அடைத்து வைக்கலாம். துண்டுகளில் கனமானது ஒருவகை, இலேசானது ஒருவகை.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஸாம் கிரானிக் என்பவர் 1946-ல் கினிப் பன்றிகளுக்கு இரும்பை ஊட்டிப் பார்த்தார். சில மணி நேரத்துக்குள் அவற்றின் குடலில் ஃபெரிட்டின் மளமளவென்று பெருகியது. நெல் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டுக் குதிர் செய்கிற வீடு எப்படியோ, அப்படி இருந்தது உயிரணுவின் நடவடிக்கை. இரும்பு வந்துவிட்டது என்று உயிரணுவுக்கு யார் சொன்னார்கள்? சொன்னவர் எங்கே போய்ச் சொன்னார்? மூலச் சுவடி இருக்கும் அறையிலா? பட்டறையிலா?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஹாமிஷ் மன்றோ. மன்றோ என்றதும் சென்னையில் குதிரைமேல் சேணமில்லாமல் வீற்றிருக்கும் மன்றோ துரையின் ஞாபகம் வருகிறதல்லவா? அவரும் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர்தாம். அவர் ஒரு ராஜதானியின் கவர்னர். இவர் அதே கிளாஸ்கோவின் சர்வகலாசாலையில் எலியின் கல்லீரலை ஆராய்ந்தவர். டிரைஸ்டேல் என்ற தம் சகாவோடு சேர்ந்து இவர் செய்த சோதனை மிகவும் எளிமையானது. எலிக்கு முதலில் ஆக்டினோமைஸினைக் கொடுத்துப் புதிய ஓலை எழுத முடியாமல் செய்துவிட்டார்கள். பிறகு இரும்பை ஊசியால் ஏற்றினார்கள். ஜாக்கோப்பும் மோனோவும் கிருமியில் கண்டதே எலிக்கும் பொருந்துமானால், ஃபெரிட்டின் பெருகக் கூடாது. ஆனால் பெருகியது. எழுத்தறையை இழுத்து மூடிய பிறகும் ஈரல் சாவதானமாகக் குதிர் செய்துகொண்டிருந்தது.

இந்த முடிவு அச்சில் வந்த வருஷம் 1965. பாரிஸ்காரர்கள் நோபெல் பரிசு வாங்கிய அதே வருஷம். உலகத்தின் காதெல்லாம் ஸ்டாக்ஹோமை நோக்கியிருந்தபோது, கிளாஸ்கோவின் எலியைக் கவனிக்க யாருக்கு அவகாசம்? மன்றோ அதற்காக மனம் தளர்ந்துவிடவில்லை. மறு வருஷம் அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய், அதே கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1976-ல் அவருடைய குழு அடுத்த படியைக் காட்டியது. இரும்பு கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஃபெரிட்டின் ஓலைகளின் மொத்தத் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். முன்பு அவை பட்டறைக்கு வெளியே புரதத்தோடு பிணைந்து சும்மா கிடந்தன. இரும்பு வந்ததும் பட்டறைக்குள் நுழைந்துவிட்டன. ஆகவே யாரோ அவற்றைப் பிடித்து வைத்திருந்தார்கள். பிடித்தவர் யார், எந்த இடத்தில் பிடித்தார் என்பதுதான் மிச்சம்.

அதற்கு இன்னும் ஒரு பத்து வருஷம் பிடித்தது. காரணம், ஓலையை எழுத்தெழுத்தாகப் படிக்கவும், வெட்டி ஒட்டவும் வேண்டிய உபாயங்கள் பிறகுதான் கைக்கு வந்தன. ஒவ்வொரு ஓலையிலும் புரதத்துக்கான குறிப்பு ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் எழுத்து உண்டு. முடிந்த பிறகும் உண்டு. பட்டறை இவற்றைப் புரதமாக மாற்றுவதில்லை. ஆகையால் ஓலையின் ஓரத்தில் விடும் வெற்றிடத்தைப் போலத்தான் இவற்றைப் பலர் நினைத்திருந்தார்கள். 1987-ல் மன்றோவின் குழுவும், பெதெஸ்டாவில் உள்ள அமெரிக்க தேசிய ஆரோக்கிய நிலையத்தில் ரிச்சர்ட் கிளாஸ்னரின் குழுவும், தனித்தனியாக இந்த ஓரத்தை ஆராய்ந்தன. கிளாஸ்னரிடம் அப்போது மத்தியாஸ் ஹென்ட்ஸே என்ற இளம் ஜெர்மானியர் வேலை செய்துகொண்டிருந்தார். ஃபெரிட்டின் ஓலையின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி, இரும்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிருமிப் புரதத்தின் ஓலைக்கு முன்னால் ஒட்டினார்கள். அந்த அந்நியப் புரதமும் இரும்பு வந்தால் பெருகிற்று. இரும்பு குறைந்தால் சுருங்கிற்று! தலைப்பகுதியை எடுத்துவிட்டால் ஃபெரிட்டினே இரும்பைச் சட்டை செய்யவில்லை. ஆகச் சூட்சுமம் முழுவதும் அந்த ஓரத்தில் இருந்தது.

அங்கே இருந்தது மிகச் சிறிய சமாசாரம். சுமார் 30 எழுத்துக்கள் கொண்ட ஒரு துண்டு, பெண்கள் தலையில் செருகும் கொண்டை ஊசியைப் போல மடிந்து நிற்கிறது. ஊசியின் வளைவில் 6 எழுத்துக்கள். மறு வருஷம் எலிஸபெத் லைபோல்ட் என்ற அம்மையார் மன்றோவின் ஆராய்ச்சிச் சாலையில், இந்த ஊசியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் உயிரணுவில் இருப்பதைக் காட்டினார். கிளாஸ்னரின் குழுவும் அதே வருஷம் அதையே கண்டது. தலையணைக்கு அடியில் ஓலையை வைத்திருந்த கணக்குப்பிள்ளை கடைசியில் அகப்பட்டுவிட்டான்!

அவன் வேலை செய்யும் முறையையும் பிறகு கண்டுபிடித்தார்கள். ரிபோசோம் ஓலையைத் தலைப்பிலிருந்துதான் பிடித்துப் படிக்கத் தொடங்கும். கொண்டை ஊசி அந்தத் தலைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காவல் புரதம் ஊசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ரிபோசோமின் முதற் பாதி ஓலையில் ஏற இடமில்லை. வாசற்படியில் ஓர் ஆள் குறுக்கே உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குள் எப்படிப் போவது? ஓலை கிழியவில்லை, அழியவில்லை. படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆள் எழுந்துவிட்டால் அடுத்த கணமே வேலை ஆரம்பமாகிவிடும். புதிதாக ஓலை எழுதி, அறையிலிருந்து கொண்டுவந்து, பிறகு படிப்பதென்றால் அதற்குள் இரும்பு செய்யும் நாசத்தைச் செய்து முடித்திருக்கும்.

இதைவிட அழகான விஷயம் 1988-ல் வெளியாயிற்று. இரத்தத்தில் வரும் இரும்பை உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் வாங்கி என்று அதைச் சொல்லலாம். இரும்பு பஞ்சமாக இருக்கும்போது இது அதிகமாக வேண்டும், குதிர் வேண்டியதில்லை. அந்த வாங்கியின் ஓலையைப் படித்தபோது அதிலும் இதே கொண்டை ஊசிகள் இருந்தன. ஒன்று இரண்டல்ல, ஐந்து! ஆனால் அவை தலைப்பில் இல்லை. வால் பக்கத்தில் இருந்தன. அங்கே அதே காவல் புரதம் போய் உட்கார்ந்தால், ஓலையை யாரும் வெட்டி அழிக்க முடியாமல் காப்பாற்றுகிறது. தலைமாட்டில் உட்கார்ந்தால் தடை. கால்மாட்டில் உட்கார்ந்தால் பாதுகாப்பு. இரும்பு குறைந்த காலத்தில் ஒரே ஆள் இந்த இரண்டு காரியத்தையும் செய்து, குதிர் கட்டுவதை நிறுத்துகிறான், கொள்முதலைப் பெருக்குகிறான். இரும்பு மிகுந்தால் இரண்டு ஓலைகளையும் விட்டுவிடுகிறான். குதிர் எழும்புகிறது, கொள்முதல் நிற்கிறது. இதைவிடச் சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இரும்பு இருக்கிறதா இல்லையா என்று இந்தக் காவல்காரனுக்கு எப்படித் தெரிகிறது? 1991-ல் இதற்கு வந்த விடை துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தைப் போல இருந்தது. காவல் புரதத்தின் அமைப்பைத் தெரிந்த புரதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது அகோனிட்டேஸ் என்ற பழைய நொதிக்கு நெருங்கிய உறவாக இருந்தது. அகோனிட்டேஸ், உணவிலிருந்து சக்தி எடுக்கும் தொழிலில் வேலை பார்க்கும் ஒரு சாதாரணச் சிப்பந்தி. அதன் மடியில் நான்கு இரும்பணுவும் நான்கு கந்தக அணுவும் சேர்ந்த ஒரு சிறு முடிச்சு இருக்கும். விஷயம் விளங்கிவிட்டது. இரும்பு தாராளமாக இருந்தால் காவல் புரதத்தின் மடியில் இந்த முடிச்சு கூடிவிடுகிறது. அப்போது அது நொதியாக மாறித் தன் பழைய தொழிலைப் பார்க்கப் போய்விடுகிறது. இரும்பு இல்லாவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அந்த இடம் திறந்து ஓலையைப் பிடித்துக்கொள்கிறது. 2006-ல், ஓலையின் ஊசியைப் பிடித்த நிலையில் இந்தப் புரதத்தின் வடிவத்தை எக்ஸ்-கதிர்களின் துணையால் அணு அணுவாகக் கண்டார்கள். நொதியாக இருக்கும்போது மூடியிருக்கும் உடம்பு, அப்போது நன்றாக விரிந்து திறந்திருந்தது. இதற்கு ஒரு தம்பியும் உண்டு. அந்த இரண்டாம் புரதத்துக்கு முடிச்சு கிடையாது. இரும்பு மிகுந்தால் உயிரணு அதை அழித்தேவிடுகிறது; அழிக்க அடையாளம் இடும் புரதம் 2009-ல் தெரிந்தது.

இரும்பின் ஓலை ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஓலையைப் பிடித்து வைக்கும் புரதங்கள் இன்று நூற்றுக்கணக்கில் தெரியும். மூளையில் அப்படி ஒரு புரதம் இல்லாமற் போனால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றுகிறது. அதன் மூலக் குறிப்பை 1991-ல் கண்டார்கள். 2020-ன் இறுதியில் கொரோனா நோய்க்காகத் தூது ஆர்.என்.ஏ.யையே தடுப்பூசியாகப் போட ஆரம்பித்தார்கள் அல்லவா? அதில் வைரஸின் புரதத்தை எழுதியதோடு விட்டுவிடவில்லை. பட்டறை அதை நன்றாகப் படிக்க வேண்டுமென்று இரு பக்கத்து ஓரங்களையும் பொறுக்கி எடுத்து அமைத்தார்கள். ஒரு காலத்தில் வெற்றிடமென்று நினைத்த ஓரத்துக்கு வந்த மதிப்பு அது.

ஆனால் இந்த ஆராய்ச்சியின் பலனை நேரில் கண்டவர்கள் வேறு சிலர். 1972-ல் இங்கிலாந்துக்கு அண்டையிலுள்ள வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில், இரத்தத்திலுள்ள ஃபெரிட்டினை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஃபெரிட்டின் மிகுந்திருந்தால் உடம்பில் இரும்பு மிகுந்திருக்கிறது என்பது பொதுவான கணக்கு. இரும்பு மிகுந்த நோய்க்கு வைத்தியம், வாரா வாரம் இரத்தத்தை எடுத்து வெளியேற்றுவது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் சில குடும்பங்களில் ஃபெரிட்டின் அளவு பல மடங்கு ஏறியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு இரத்தம் எடுத்தால், அவர்கள் தேறுவதற்குப் பதிலாகச் சீக்கிரத்திலேயே சோகை பிடித்து வெளுத்துப் போனார்கள். அவர்கள் உடம்பில் மிகையான இரும்பே இல்லை! வேறொரு விசித்திரமும் இருந்தது. தகப்பனுக்கோ தாய்க்கோ இந்தக் கோளாறு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வந்தது; வந்தவர்களுக்கெல்லாம் இளவயதிலேயே கண்ணில் புரை விழுந்தது.

1995-ல் இரு நாட்டு வைத்தியர்களும் இந்தக் குடும்பங்களின் மூலச் சுவடியைப் படித்துப் பார்த்தார்கள். இலேசான ஃபெரிட்டினுக்கு உரிய கொண்டை ஊசியின் வளைவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பிரான்ஸ் தேசத்துக் குடும்பத்தில் ஓர் எழுத்து. இத்தாலியில், வெரோனா நகரத்துக் குடும்பத்தில் அதற்கு அடுத்த எழுத்து. புரதத்துக்கான குறிப்பில் ஒரு பிழையும் இல்லை. பிழை ஓரத்தில் இருந்தது. அந்த ஓர் எழுத்து மாறியதால் காவல் புரதத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. வாசற்படியில் ஆளில்லை; பட்டறை, நெல் வராத வீட்டில் ஓயாமல் குதிர் செய்து அடுக்கிக்கொண்டே இருந்தது. பிற்காலத்தில் இத்தகையவர்களின் கண்ணிலிருந்து எடுத்த புரையைச் சோதித்தபோது, அதில் ஃபெரிட்டின் பளிங்குத் துகளாக உறைந்திருந்ததைக் கண்டார்கள். 1937-ல் லாஃப்பெர்கர் காட்மியம் சேர்த்து வரவழைத்த பளிங்கை, இவர்கள் கண் தானாகவே செய்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து, ஃபெரிட்டின் மிகுந்து, இரும்பு மிகாமல், குடும்பத்தில் இளவயதுக் கண்புரையும் இருந்தால், விஷயம் தெரிந்த வைத்தியர் இரத்தம் எடுக்கும் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறார். புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டு மற்றபடி சௌக்கியமாக இருக்கச் சொல்லி அனுப்புகிறார். வீணாகச் சிந்தவிருந்த இரத்தம் மிச்சமாகிறது. அதற்கு வேர் எங்கே என்று தேடிப் போனால், பரிசுகளும் பாராட்டுக்களும் எழுதுபவரைச் சூழ்ந்திருந்த 1965-ல், எழுதிய ஓலை என்ன ஆயிற்று என்று கிளாஸ்கோவில் ஒருவர் எலியின் ஈரலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் போய் முடிகிறது.